கம்பெனி வண்டிக்கு எல்இடி மாட்டி எனக்க கைக்காசு போன கத

மக்கா, டிரெய்லர் ஓட்டுற நம்ம பயலுவ யாராவது ஹெட்லைட் மாத்தணும்னு நெனச்சிட்டு இருந்தா அதுக்கு முன்ன இத ஒருக்கா படிச்சிருங்க. எனக்கு மொத்தம் பன்னெண்டாயிரத்துக்கு மேல போச்சு, இத்தனைக்கும் வண்டி எனக்க வண்டி கூட இல்ல.

நான் ஓட்டுறது கம்பெனி வண்டி, சிமெண்ட் பல்க்கர், அதாவது மூட்டை இல்லாம சிமெண்ட தூளாவே கொண்டு போற டேங்கர் டிரெய்லர். திருநெல்வேலி பக்கம் லோடு ஏத்தி ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை, களியக்காவிளை வழியா திருவனந்தபுரம், எல்லாம் ராத்திரி ஓட்டம். காவல்கிணறு வர நாலு வழிச்சாலை, லைட்டு மங்கலா இருந்தாலும் சமாளிச்சிரலாம். தக்கலை தாண்டினா அந்த வளைவுல மழையும் பெஞ்சா ஓரத்துல நடந்து போற ஆளு கிட்ட வந்தாத்தான் தெரியும். மேனேஜர்ட்ட சொன்னா அடுத்த சர்வீஸ்ல பாப்போம்னு மூணு மாசம் ஓட்டிட்டாரு.

பொறுக்க முடியாம மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆக்சஸரி கடையில நிப்பாட்டினேன். கடைக்கார பையன் "அண்ணே, 130 வாட் எல்இடி, பகல் மாதிரி அடிக்கும், ஒரு வருஷம் வாரண்டி"ன்னான். 4,500. பில்லு கேட்டதுக்கு விசிட்டிங் கார்டு பின்னால தேதி எழுதி குடுத்தான், அப்பவே நான் வண்டிய எடுத்துருக்கணும். சாக்கெட் சேரலன்னு வயர வெட்டி முறுக்கி டேப் சுத்தினான், எல்இடிக்கு பின்னால சூட்ட தணிக்குற குட்டி ஃபேன் நீட்டிக்கிட்டு இருந்ததால ரப்பர் மூடிய கழட்டி தூர போட்டான், "அது தேவையில்லண்ணே"ன்னு. பொறவு அட்ஜஸ்ட் பண்ணுறேன்னு ஸ்க்ரூவ திருகி நல்லா மேல தூக்கி விட்டான். ரோடு தூரத்துக்கு தெரிஞ்சது, எனக்கும் வல்லாத்த சந்தோஷம்.

அன்னைக்கி ராத்திரியே எதிர்ல வந்த பஸ்காரன் எல்லாம் டிப் அடிச்சு அடிச்சு கைய நீட்டி ஏசிட்டு போறான், நான் டிம்லதான் போறேன். காரணம் பொறவுதான் தெரிஞ்சுது. வண்டில மொதல்ல இருந்த சாதா ஹெச்4 ஹாலஜன் பல்புல டிம் இழைக்கு அடியில ஒரு சின்ன தகரக் கிண்ணம் உண்டு, அதாக்கும் வெளிச்சத்த மேல போகாம தடுக்குறது. பல்ப சுத்தி வெளிச்சத்த முன்னால திருப்பி விடுற ரிஃப்ளெக்டரும் அந்த இழை இருக்குற இடத்துக்குன்னே செஞ்சது. இவன் குடுத்த எல்இடில சிப்பு அந்த இடத்துல உக்காரல, வெளிச்சம் கண்டபடி செதறுது. ரெண்டாவது வாரம் பார்டர் தாண்டி செக்கிங்ல நிப்பாட்டி ஃபைனும் போட்டாங்க, அதுவும் நான்தான் கட்டினேன்.

11 நாளு ஓடிச்சு. மூடி இல்லாத வழியா மழத்தண்ணி உள்ள போயி ஒரு சைடு ஃபேன் நின்னு லைட்டு செத்துச்சு, ரிஃப்ளெக்டருக்க பளபளப்பு பூச்சு உரிஞ்சு கண்ணாடி உள்ள ஆவி பிடிச்சு கிடக்கு. கடையில போயி கேட்டா "தண்ணி போனா வாரண்டி இல்ல". லே, மூடிய கழட்டினதே நீதானலே! கம்பெனில ஹெட்லைட் செட்டு ரெண்டும் மாத்தி வெட்டின பிளக்கும் போட்டு 7,800ன்னு எனக்க படிக்காசுல ரெண்டு தவணையா பிடிச்சாங்க. கேக்காம மாத்தினது நான், எதுத்து பேச வாயில்ல.

இதுல பெரிய கூத்து என்னன்னா, புது செட்டு புது பல்பு போட்டும் லைட்டு பழையபடி மங்கல்தான். இந்த தடவ மேனேஜர்ட்ட போன்ல கேட்டுட்டு நாகர்கோவில்ல ஒரு வயசான எலக்ட்ரீசியன் அண்ணாச்சிட்ட விட்டேன். அவரு பல்ப தொடவே இல்ல, மீட்டர எடுத்தாரு. இஞ்சின் ஓடும்போ பேட்டரில 27.8 வோல்ட், பல்பு சாக்கெட்ல 23. கரண்டு வண்டி பாடி வழியா பேட்டரிக்கு திரும்பி போற எர்த் போல்ட் துருப்பிடிச்சு கிடந்துருக்கு. ஹாலஜன்ல இவ்வளவு வோல்ட் குறைஞ்சாலே வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியா போயிரும்னாரு. சொரண்டி புது எர்த் இழுத்து, டயர் காத்து பாத்து, சமதளத்துல சுவத்துக்கு 10 மீட்டர் தள்ளி வண்டிய நிப்பாட்டி, லைட்டு நடு உயரத்துக்கு சாக்பீஸ் கோடு போட்டு, டிம் வெட்டு, அதாவது டிம் வெளிச்சம் மேல முடியுற கோடு, அதுக்கு 10, 15 செ.மீ. கீழ நிக்குற மாதிரி பைய இறக்கினாரு, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும், அது ஓரம் தெரியுறதுக்கு. லோடோட வச்சு பாத்ததும் அவருதான், லோடு ஏறினா மூக்கு தூக்கும்லா.

கூலி 650. பில்ல காட்டினதும் மேனேஜர் மறு பேச்சு பேசாம அந்த 650ஐ குடுத்துட்டாரு. எல்இடில ஒண்ணு இன்னும் எரியும், வீட்ல பையன் பழைய பைக் பேட்டரில மாட்டி வெளையாடுறான்.