மொராக்கோ போறவங்க இத படிச்சிட்டு போங்க, 6000 திர்ஹாம் போச்சு

இன்னும் மராக்கேஷ்லதான் இருக்கேன், கோவத்துல கை நடுங்குது, அதான் இப்பவே டைப் பண்றேன். 6000 திர்ஹாம், நம்ம காசுக்கு 55 ஆயிரம் கிட்ட.

ஜமா எல் ஃப்னா மைதானத்துக்குப் பின்னாடி சந்துல ஒரு டூர் ஆபீஸ். நாங்க நாலு பேரு, மூணு நாள் டூர். சஹாரா பாலைவனத்துல இருக்கிற மெர்சூகா ஊருக்குப் போய் பெரிய மணல்மேட்டுல ஒட்டகம் ஏறணும்னு பையன் ஒரு வருஷமா உயிரை எடுத்துட்டு இருந்தான். அந்த ஆளு புதினா டீய கெட்டில இருந்து ஒரு முழம் தூக்கி ஊத்துனான், ஒரு சொட்டு சிந்தல, "இந்தியாவா, ஷாருக்கான்!"னு சிரிச்சான், பையன் கைல ரெண்டு பேரீச்சம்பழம் வச்சான். அம்மா கூட "நல்ல குடும்பத்துப் பையன் மாதிரி தெரியுதுடா"ன்னாங்க. அவ்ளோதான், முழுசா கேஷ் எண்ணிக் கொடுத்தேன். ரசீது பிரெஞ்சுல இருந்துச்சு, படிக்காம மடிச்சு பர்ஸுல வச்சேன், முட்டாப்பய.

டிஸி ன் டிச்கா கணவாய்ல (2260 மீட்டர்) அம்மாவுக்கு வாந்தி, அப்புறம் ஐத் பென்ஹத்தூ கோட்டை, வார்ஸாஸாத் வரைக்கும் எல்லாம் சரி. அங்கேருந்து கிழக்க போகவேண்டிய வண்டி தெக்கால திரும்புது. மேப்ப காட்டிக் கேட்டா டிரைவர் "சேம் சஹாரா சார்"ங்கிறான். கொண்டுபோய் இறக்குனது ஸகோரா. மெர்சூகாவுல மணல்மேடு 150 மீட்டர் வரைக்கும் இருக்கும், இங்க நம்ம தெருவுல வீடு கட்ட லாரில கொட்டுற மணலே இதவிட ஒசரம். "அப்பா, மணல் எங்கப்பா?"ன்னான் பையன். மறுநாள் சாயங்காலமே திரும்ப மராக்கேஷ், மூணு நாளு ரெண்டு நாளாயிடுச்சு.

ஆபீஸுக்குப் போனா அந்த ஆளு இல்ல, தம்பின்னு ஒருத்தன். "அவரு ஃபெஸ் போயிருக்காரு, நாளைக்கு, இன்ஷா அல்லா." மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருக்காராம். வாட்ஸ்அப்புல ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அப்புறம் அவன் போட்டோவையே காணோம். தம்பிக்காரன் மறுபடி டீ ஊத்த வரான், அதே மாதிரி ஒரு முழம் தூக்கி! மைதானத்துப் பக்கத்துலயே டூரிஸ்ட் போலீஸ் இருக்கு, அவங்க ரசீத விரிச்சுப் பார்த்துட்டு, இதுல பாலைவனம்னு மட்டும்தான் இருக்கு, ஊரும் இல்ல நாள் கணக்கும் இல்ல, ஸகோராவும் பாலைவனம்தானேங்கிறாங்க. 6000 திர்ஹாம்ங்க!

டிப்ஸ் விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், மண்டை காயுது. ரசீதுல ஊர் பேர எழுத வைங்க. முழுக் காசையும் முன்னாடியே கொடுக்காதீங்க. மெர்சூகா இங்கேருந்து 550 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு நாள்ல கூட்டிட்டுப் போய்ட்டு வரேன்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. டீ கொடுத்தா குடிக்காதீங்க. நாளைக்கு காலைல ஃப்ளைட், அதுக்குள்ள இன்னொரு தடவ போய் சத்தம் போட்டுட்டு வரேன்.