‘தி இன்னர் லைட்’ ப்ளூ-ரேயில்: நூல் நூலாகத் தெரியுது

விண்வெளிக் கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அமெரிக்க டிவி தொடரில் எனக்கு உயிரான எபிசோடு ஐந்தாவது சீசனில் வரும் ‘தி இன்னர் லைட்’. 1992-இல் வந்தது, அடுத்த வருடமே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. கேபிள் டிவியில் மங்கலாகப் பார்த்ததை வைத்தே இத்தனை வருடமும் கொண்டாடிக்கொண்டு இருந்தேன். இப்போது சென்னிமலையில் எங்கள் வீட்டு டிவியில் ப்ளூ-ரே (எச்டி தரத்தில் படம் வரும் டிஸ்க்) போட்டுப் பார்த்தாயிற்று. அடேயப்பா!

இந்தத் தொடரை 35 எம்எம் ஃபிலிமில்தான் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங், கிராஃபிக்ஸ் எல்லாம் சாதா வீடியோ டேப்பில் முடித்துவிட்டதால் எச்டியில் கொடுக்க மாஸ்டரே (மூலப் பிரதியே) கிடையாது. அதனால் ப்ளூ-ரேக்காகப் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, புதிதாக ஸ்கேன் செய்து, 178 எபிசோடையும் முதலில் இருந்து வெட்டி ஒட்டி, கப்பல் காட்சிகளைக்கூட மறுபடி சேர்த்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கே காசு கொடுக்கலாம்.

கதையில் கப்பலின் கேப்டன் பிக்கார்டு (நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட்), மழையில்லாமல் காய்ந்துகொண்டிருக்கும் ஓர் ஊரில் மனசுக்குள்ளேயே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து கிழவனாகிவிடுவார். கப்பலில் இருப்பவர்களுக்கு 25 நிமிடம்தான் ஓடியிருக்கும். அந்த ஊர்க்காரர்களின் முரட்டுத் துணி இப்போது பாவும் ஊடையுமாகத் தெரிகிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். பிக்கார்டின் மகனாக வரும் பையன் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல். அந்த முகச்சாயலைக் கேபிளில் யார் கண்டது? மகள் மண்ணைச் சோதித்துவிட்டு மண்ணே செத்துவிட்டது என்கிற இடம் இருக்கிறதே, ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புகை வந்ததைப் பார்த்த காட்டுக்காரர் யாராக இருந்தாலும் கண் கலங்கிவிடும்.

குறை என்றால், கிழவன் வேடத்தில் மேக்கப் இப்போது கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. தமிழ் சப்டைட்டில் இல்லை. நான் வாங்கிய இடத்தில் பேக்கிங் சரியில்லாமல் பெட்டி ஓரம் உடைந்து வந்தது, நல்லவேளை டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் 7.1-இல் (எட்டு ஸ்பீக்கருக்கானது) இருக்கிறது, எங்கள் வீட்டில் இரண்டே ஸ்பீக்கர்தான், அதிலேயே கடைசியில் வரும் புல்லாங்குழல் அவ்வளவு துல்லியம்.

இந்த ஒரு எபிசோடுக்காக முழு சீசன் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்குங்க. அப்புறம் ஒன்று, படம் பழைய 4:3 அளவில்தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். அதை அப்படியே விடுங்க, டிவி ரிமோட்டில் இழுத்து வைத்தால் முகமெல்லாம் அகன்றுவிடும்.