காலையில் கிளம்ப மறுத்த லாரியும் தகரக் கொட்டகைப் பட்டறையும்

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததிலிருந்தே எங்கள் ஆறு சக்கர லாரி காலையில் கிளம்ப அடம்பிடித்தது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டைக்காக இரவெல்லாம் நிற்கும் வண்டி, ஏழெட்டு முறை செல்ஃப் அடித்த பிறகுதான் உயிர் பெறும். பகலில் குறையே இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அணைத்துவிட்டுக் காத்திருந்தாலும் தொட்டவுடன் ஓடும்.

முதலில் காட்டிய நகரத்துப் பட்டறையில் கேபினைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் இரண்டு பேட்டரிகளையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் பயனில்லை என்றதும், டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்ய 18,000 ரூபாய் கேட்டார்கள். மனம் ஒப்பாமல்தான் மன்னார்குடி சாலையோரம் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைப் பட்டறைக்குப் போனோம்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் வண்டியை அன்று தொடவே இல்லை. சூடான எஞ்சினில் இந்தக் கோளாறு தெரியாது என்று சொல்லி, இரவு முழுவதும் அங்கேயே நிறுத்தச் செய்தார். மறுநாள் ஆறு மணிக்குச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பார்த்தார். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் சுற்றும்போதும் 21 வோல்ட் நின்றதால் பேட்டரி மேல் பழியில்லை என்றார். பிறகு சைலன்சர் பக்கம் போய் நின்றார். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போயும் எரியவில்லை என்று பொருள், புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள் என அவர் விளக்கியபோது, எங்கள் வண்டியில் புகை துளியும் இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயின் நடுவே ஒரு சாண் நீளக் கண்ணாடி டியூபை மாட்டிச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசலோடு குமிழிகள் ஓடுவதை நாங்களே பார்த்தோம். அதே டியூபை டாங்கிப் பக்கம் நகர்த்தி மாட்டியபோது குமிழி இல்லை. இடையில் இருந்த முன்ஃபில்டரில் குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டைக் கழற்றினால், பழைய செம்பு வாஷர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே கசிந்து ஈரம் காட்டாமல், காற்றுதான் உள்ளே புகுந்திருக்கிறது. வண்டி நின்ற இரவில் டீசல் மெல்லமெல்ல டாங்கிக்கே இறங்கிவிட்டிருக்கிறது. போன முறை ஃபில்டர் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டது எங்கள் டிரைவரின் சிக்கனம்.

புது வாஷர்களைப் போட்டு, ஃபீட் பம்பின் வால்வைச் சுத்தம் செய்து, கைப்பம்பை அடித்துக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றியதற்குக் கூலியோடு 1,450 ரூபாய் ஆனது. முன்ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கியிருந்த அரை டம்ளர் தண்ணீரையும் வடித்துக் காட்டி, பனிக்காலத்தில் இரவில் டாங்கியை நிரப்பி வைக்கச் சொன்னார். அதன் பிறகு மூன்று வாரமாக முதல் செல்ஃபிலேயே கிளம்புகிறது.

குறைகளும் உண்டு. கேட்டால்தான் துண்டுச்சீட்டில் கணக்கு எழுதித் தருகிறார்கள்; அறுவடை நாட்களில் உட்கார நிழலின்றி அரை நாள் காத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளைத் தொடுவதில்லை. கோளாறைக் கணினி வழியே படிக்கும் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். காலைக் கோளாறு என்றால் முந்தைய மாலையே வண்டியை விட்டுவிட வேண்டும். விடிந்த பிறகு ஓட்டிக்கொண்டு போனால் அன்றைய நாள் வீண்.