1930, வங்கி ஆப், சைபர் க்ரைம் தளம்: கார்டு விவரம் போனபின் எது எதற்கு உதவும்?

கூரியர் பெயரில் வந்த போலி லிங்கை நம்பி கார்டு எண்ணும் சிவிவியும் (கார்டில் இருக்கும் ரகசிய எண்) அடித்துக் கொடுத்தவர்கள் உடனே 1930-க்குத்தான் போன் போடுகிறார்கள். பணம் இன்னும் போகவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது அது இல்லை. 1930 என்பது சைபர் மோசடியில் பறிபோன பணத்தைத் துரத்துகிற அரசு உதவி எண். கார்டைப் பூட்டுவது வங்கியின் வேலை.

பூட்டுவதற்கு வங்கி ஆப்தான் வேகம். பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து தருமபுரி கிளைக்குப் போய்ச் சேர்வதற்குள் கணக்கு காலியாகிவிடும். ஆப்பில் முதலில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணையுங்கள். ஓடிபி சொல்லவில்லையே என்று தைரியமாக இருக்க முடியாது. பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை, எண்ணும் காலாவதித் தேதியும் சிவிவியும் போதும். அடுத்து கார்டை நிரந்தரமாக பிளாக் செய்யுங்கள். தற்காலிகப் பூட்டு மட்டும் போட்டால் எண் மாறாது. திறந்த அன்றே பழைய ஆபத்து திரும்ப வரும். ஒரு ரூபாய், அரை டாலர் என்று சில்லறைத் தொகைக்கு எஸ்எம்எஸ் வந்தால் கார்டை சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்டேட் வங்கி டெபிட் கார்டுக்கு ஆப் இல்லாமலும் வழி உண்டு: பதிவு செய்த எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் பிளாக் என்று அடித்து, இடைவெளி விட்டு, கார்டின் கடைசி 4 எண்களை 567676-க்கு அனுப்பலாம். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்டின் பின்புறமே எண் இருக்கிறது.

ஏதாவது ஏபிகே கோப்பையோ (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் ஆப்) திரையைப் பகிரும் ஆப்பையோ நிறுவச் சொல்லி நீங்களும் நிறுவியிருந்தால் பிளாக் மட்டும் போதாது. டேட்டாவை அணைத்து, அந்த ஆப்பை நீக்கி, வேறு போனிலிருந்து நெட்பேங்கிங் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

பணம் போயிருந்தால் 1930 உண்மையிலேயே நல்ல சேவை. தமிழில் பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரு கிளையில் சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்களும் இதற்காக பார்டர் தாண்ட வேண்டாம். தொகை, நேரம், பரிவர்த்தனை எண், வங்கிப் பெயர் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்குவதுதான் இவர்கள் செய்வது. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் மிஞ்சாது.

இணையத்தில் புகார் பதியும் சைபர் க்ரைம் தளம் (cybercrime.gov.in) கொஞ்சம் படுத்தும். சம்பவ விவரம் குறைந்தது 200 எழுத்து இருக்க வேண்டும். சிறப்புக் குறியீடுகளை ஏற்காது. வங்கி எஸ்எம்எஸ்ஸை அப்படியே ஒட்டினால் பிழை காட்டுவது அதனால்தான்.

வங்கியில் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, நீங்களே விவரம் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் உங்கள் தலையில். சொன்னபிறகு போவது வங்கியின் பொறுப்பு. எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகவும் அதே எண் வேண்டும்.