நகரத் திட்டக் கருத்துக் கேட்புச் சேவை: வாடகைக்குக் குடியிருப்பவள் எழுதும் மதிப்புரை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். முப்பரிமாணப் படத்துக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுத்திருப்பேன். பதிவு செய்யும் பக்கத்துக்கு மட்டும் என்றால் ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் கட்டிடத்துக்கு எதிரே, பழைய பேருந்துப் பணிமனை இருந்த இடத்தில் 14 மாடிகளில் 212 வீடுகள் வரப்போகின்றன. முன்பெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் ஒரு தாளில் அச்சடித்து வேலியில் கட்டிவிடுவார்கள். வார நாளில் மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு வேலை. அந்த நேரத்தில் நான் சீருடை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடிக்கொண்டிருப்பேன். ஆறு வருடமாக இங்கே குடியிருந்தும் ஒரு கூட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அதே வேலியில் தாளுக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் திட்டத்தின் படம், ஆவணங்கள், கருத்துப் படிவம் எல்லாம் வருகின்றன. எழுதிய கருத்து எங்கே போய் நிற்கிறது என்றுகூடப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும். இரத்த மாதிரிகள் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பத்து நிமிட இடைவெளிகளில்தான் நான் இந்தச் சேவையை முழுக்கப் பயன்படுத்தினேன்.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த திட்டக் கூட்டங்களின் குறிப்புகளை எடுத்து, யார் வந்து பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஊரின் மற்ற வாக்காளர்களோடு ஒப்பிட்டால், பேசியவர்களில் வயது கூடியவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும் அதிகம். பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்துத்தான் பேசியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு யாருக்கு ஓய்வோ அவர்கள் குரல்தான் ஊரின் குரலாகப் பதிவாகிறது. அதனால் இந்தச் சேவையைப் பார்த்ததும் எனக்காகவே செய்ததுபோல இருந்தது.

பதிவு செய்யப் போகும்வரை.

முதல் கட்டமே சொத்து வரி எண். அதைப் போடாமல் அடுத்த பக்கம் வராது. எனக்கு ஏது சொத்து? பக்கத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தால், சாம்பல் நிற எழுத்தில் ‘வேறு தொடர்புடையவர்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் உங்கள் பெயரில் உள்ள மின் கட்டண ரசீதைக் கேட்கிறது. ரசீது வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவேற்றினேன், ‘ஏற்கத்தக்க ஆவணம் அல்ல’ என்று வந்தது. மறுநாள் இரவு அதையே மறுபடி ஏற்றினேன், மறுபடி அதே வரி. உதவி எண் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, அதாவது நான் தூங்கும் நேரம். மூன்றாம் நாள் அலாரம் வைத்து எழுந்து கூப்பிட்டேன். பேசிய பெண் நான்கே நிமிடத்தில் தன் பக்கத்திலிருந்து சரி செய்துவிட்டார். “நிறைய பேருக்கு இதே பிரச்சினை மேடம்” என்றார். நிறைய பேருக்கு என்று தெரிந்தே அந்தக் கட்டம் அங்கே நிற்கிறது. அந்தப் பெண்ணுக்காகத்தான் இரண்டு நட்சத்திரம் மூன்றானது.

உள்ளே போனபின் வேறு உலகம். முப்பரிமாணப் படம் அருமை. சாதாரணக் கைப்பேசியிலேயே சிக்காமல் ஓடுகிறது. என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் புதுக் கட்டிடம் எப்படித் தெரியும் என்றுகூடப் பார்க்கலாம். (வானம் பாதி போகிறது. மீதிப் பாதி போதும்.) நிழல் எப்போது எங்கே விழும் என்று காட்ட நாளுக்கு ஒன்று, மணிக்கு ஒன்று என இரண்டு நகர்த்திகள். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. படம் திறக்கும்போதே வருடத்தின் மிக நீண்ட பகல், நண்பகல் பன்னிரண்டு மணி என்றுதான் திறக்கிறது. அந்த நேரத்தில் நிழல் கட்டிடத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். பார்த்தவுடன் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். நான் குளிர்காலத்துக் காலை ஒன்பது மணிக்கு இழுத்துப் பார்த்தேன். நிழல் சாலையைத் தாண்டி, பக்கத்து வீட்டு மொட்டை மாடியை முழுக்க மூடி, எங்கள் மூன்றாம் மாடி வரை ஏறி வந்தது. ஜப்பானில் 1976-ல் கொண்டுவந்த நிழல் விதி குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலை வைத்துத்தான் கணக்கிடச் சொல்கிறது, காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. மோசமான நாளைக் காட்டுவதுதானே நிழல் படத்துக்கு அழகு. இங்கே நகர்த்தி இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் இழுத்துப் பார்ப்பார்கள்?

அடுத்து கருத்துப் படிவம். இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

முகப்புக்கு மூன்று நிறங்கள் கொடுத்து எது பிடிக்கிறது என்று கேட்கிறார்கள். சாலையோரம் எந்த வகை மரம், விளையாட்டிடம் எந்தப் பக்கம், சைக்கிள் நிறுத்தம் எங்கே என்றெல்லாம் கேட்கிறார்கள். எத்தனை வீடுகள் வேண்டும், யாருக்கு, என்ன வாடகைக்கு என்று ஒரு கேள்வியும் இல்லை. 212 வீடுகளில் குறைந்த வாடகைக்கு ஒதுக்கியவை 32. அதுவும் பத்து வருடத்துக்கு மட்டும், அதன்பின் சந்தை வாடகை. இது படத்திலும் இல்லை, படிவத்திலும் இல்லை. இணைப்பில் உள்ள பிடிஎஃப் கோப்பின் 47-ஆம் பக்கத்தில், வாகன நிறுத்தக் கணக்குக்குக் கீழே இருக்கிறது. ‘உங்கள் கவலையின் வகை’ என்ற பட்டியலில் போக்குவரத்து, நிழல், இரைச்சல், மரங்கள், வாகன நிறுத்தம், கட்டிட அழகு எல்லாம் உண்டு. வாடகை என்ற வகை கிடையாது. ‘மற்றவை’யில் எழுதினேன்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப் படியில் மக்களை ஏய்ப்பது, உச்சிப் படியில் மக்களே தீர்மானிப்பது. கருத்துக் கேட்பது கீழிருந்து நான்காவது படி. கேட்பார்கள், ஆனால் கேட்டதைச் செய்வார்கள் என்ற உறுதி அந்தப் படியில் கிடையாது. நிறம் கேட்கும் படிவத்தை எந்தப் படியில் வைப்பது என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். ஏணியே தேவைப்படாத உயரம்தான் என்று தோன்றியது.

மற்றவர்கள் எழுதியதையும் படிக்கலாம், கட்டைவிரல் போடலாம், பதிலும் எழுதலாம். இந்தப் பதில் வசதியை எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும். தைவானில் பொதுக் கொள்கை விவாதங்களுக்குப் பயன்படுத்திய போலிஸ் (Pol.is) என்ற இணையக் கருவியில் பதில் பொத்தானே இல்லை. ஒரு கருத்தைப் படித்து ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை, தாண்டிப் போகிறேன் என்று சொல்லலாம், அல்லது உங்கள் கருத்தைத் தனியாக எழுதலாம், அவ்வளவுதான். அதனால் அங்கே ஒருவரை ஒருவர் கடித்துக் குதற வழியில்லை. இங்கே ஒருவர் ப்ரூயிட்–ஐகோ என்ற அமெரிக்க அரசுக் குடியிருப்பு தகர்க்கப்படும் புகைப்படத்தைப் போட்டு, ‘மலிவு வீட்டை உயரமாகக் கட்டினால் முடிவு இதுதான்’ என்று எழுதிவிட்டார். அதற்குக் கீழே நாற்பது பதில்கள். பாதி வசவு.

அந்தப் படத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் 11 மாடிகளாக 33 கட்டிடங்கள், 1950-களில் கட்டியவை, 1972-ல் தகர்க்கத் தொடங்கினார்கள். உயரம்தான் குற்றவாளி என்றால் அதே உயரத்தில் நன்றாக இருக்கும் கட்டிடங்களை என்ன செய்வது? அங்கே செலவை மிச்சம் பிடிக்க லிஃப்டை ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் மாடிகளில் மட்டும் நிறுத்தினார்கள். மீதி மாடிக்காரர்கள் படியேற வேண்டும், இறங்க வேண்டும். பராமரிப்புச் செலவைக் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்கள் காலி செய்யச் செய்ய வாடகை குறைந்தது, வாடகை குறையக் குறையப் பழுது பார்ப்பது நின்றது, பழுது பார்க்காததால் இன்னும் ஆட்கள் போனார்கள். வியன்னாவில் கார்ல்-மார்க்ஸ்-ஹோஃப் 1930-ல் திறந்தது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இன்றும் நகராட்சி வாடகைக் குடியிருப்பாகத்தான் இருக்கிறது. கட்டிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ள யாராவது இருந்தார்களா என்பதில்தான் வித்தியாசம். எங்கள் எதிர்க் கட்டிடத்தில் 14 மாடிக்கு, 212 வீட்டுக்கு எத்தனை லிஃப்ட் என்று வரைபடத்தில் எண்ணினேன். இரண்டு. ஒன்று பழுதானால்? பராமரிப்பு நிதி எங்கிருந்து வரும்? அதற்கும் படிவத்தில் வகை இல்லை. மறுபடியும் ‘மற்றவை’.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது பழைய கோப்புகளைத் தேடும் வசதி. முகவரி போட்டால் அந்த இடத்துக்கு முன்பு வந்த விண்ணப்பங்கள், ஆட்சேபணைகள் எல்லாம் ஸ்கேன் செய்த படிகளாக வருகின்றன. சும்மா எங்கள் கட்டிடத்தின் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். 61 ஆட்சேபணைகள்! நான் வாழும் இந்த ஐந்து மாடிக் கட்டிடம் வரவே கூடாது என்று 61 பேர் எழுதியிருக்கிறார்கள். தெரு தாங்காது, தண்ணீர் போதாது, வெயில் மறையும். ஒரு கடிதத்தில், ‘இதில் வாடகைக்கு வரப்போகிறவர்கள் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்கு இந்தத் தெருவின் மேல் என்ன அக்கறை இருக்கும்’ என்று கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சமாக இருந்தது. அந்தக் கோப்பில் ஆதரவுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கட்டிடத்தில் வந்து வாழப்போகிறவர்களுக்கு அது வருவதற்கு முன் அங்கே முகவரி இருக்காதே. எந்தப் படிவத்தில் அவர்களைப் பதிவது?

இதில் ஒரு குறையும் கண்டேன். கடிதங்களில் பெயரைக் கறுப்படித்திருந்தார்கள், கதவு எண்ணை விட்டுவிட்டார்கள். அந்த அக்கறைக் கடிதம் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோப்பின் அடியில் உள்ள ‘தவறைச் சுட்டுங்கள்’ பொத்தானை அழுத்தி எழுதினேன். ஒரு வாரத்துக்குள் எண்களும் மறைந்தன. அந்த வேகத்துக்குப் பாராட்டு.

கருத்துகளை இயந்திரமே படித்துச் சுருக்கி வகை பிரிக்கிறது என்று முகப்புப் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நான் எழுதியதன் சாரம் இது: ‘பேருந்துப் பணிமனை இருந்த இடத்தில் வீடுகள் வருவதை வரவேற்கிறேன், ஆனால் குறைந்த வாடகை வீடுகளை 32-க்கு மேல் கூட்டுங்கள், பத்து வருட வரம்பை எடுங்கள், மூன்றாவது லிஃப்ட் வையுங்கள்.’ இயந்திரம் இதைப் போக்குவரத்துக் கவலை என்று எடுத்துக்கொண்டது. பேருந்து என்ற ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. திருத்தம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ‘மற்றவை’க்கு மாற்றினார்கள். அங்கே இப்போது 74 கருத்துகள் இருக்கின்றன. படித்துப் பார்த்தால் பெரும்பாலும் வாடகை பற்றியவைதான். 74 பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது எப்படி ‘மற்றவை’ ஆகும்? அதையும் எழுதியிருக்கிறேன். நிலைமைக் காட்டியில் அது ‘பெறப்பட்டது’ என்ற இடத்திலேயே நிற்கிறது.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடைசி நாள் என்றால் அன்று மாலை ஐந்து மணி, நள்ளிரவு இல்லை. எழுதுவதை வேறெங்காவது எழுதி வைத்து ஒட்டுங்கள். பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடுகிறது. என் முதல் கருத்து, ஆய்வகத்தில் இரத்த மாதிரிக் குழாய் ஒன்று உடைந்த களேபரத்தில் அப்படித்தான் போனது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை, வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் கைப்பேசியோடு நின்றிருந்தார். ஓடிபி வருகிறது, ஆனால் அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறதாம். “கொஞ்சம் பார்த்துக் கொடும்மா” என்றார். சொத்து வரி எண் அவரிடம் இருந்தது, அதனால் பதிவு ஒரே நிமிடம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஆட்சேபணை. காரணம், நிழல். பழைய கோப்பில் படித்த அதே கையெழுத்துக்காரரின் அதே வாக்கியங்கள், இம்முறை என் விரலில். ஒப்புகை எண் 187. காணாமல் போன என் கருத்தை நான் இன்னும் திரும்ப அனுப்பியிருக்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அதையும் அனுப்பினேன். 188. எட்டிப் பார்த்தார்.

“நீங்க ஆதரவா போட்டிருக்கீங்களா?”

“ஆமா சார்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, “அந்த நிழல் படத்தை எடும்மா” என்றார். நீண்ட பகல், நண்பகல் என்று வழக்கம்போலத் திறந்தது. எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். நான் மாடியேறி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் விரலால் குளிர்காலத்துக்கும் கோடைக்குமாக இழுத்துக்கொண்டிருந்தார்.