கலர் ஈ-ரீடர்: படத்துக்குச் சரி, எழுத்துக்கு நட்டம்

கதை, நாவல் மட்டும் வாசிக்கிற ஆளென்றால் கலர் ஈ-ரீடர் (மின்நூல் வாசிக்கும் கருவி) வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும். லண்டனில் இருந்து வந்த அண்ணன் கொண்டுவந்து தந்த 7 அங்குல கலர் ரீடரில் மட்டக்களப்பு வெயிலிலும் வீட்டுக்குள்ளேயும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, கலிடோ 3 என்ற கலர் ஈ-இங்க் (மின்மை) திரை போட்டது எதை வாங்கினாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

பெட்டியில் 4096 நிறம் என்று போட்டிருக்கும். சாதாரண போன் திரையே 1 கோடி 60 இலட்சத்துக்கு மேல் காட்டுகிறது. அதனால் இதில் படமெல்லாம் நாலு மழை கண்ட தேர்தல் போஸ்டர் மாதிரித்தான் இருக்கும். அடியில் இருப்பது வழமையான கறுப்பு வெள்ளை ஈ-இங்க் திரை, அதற்கு மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடி வடிகட்டிகள். வெளிச்சம் அதைத் தாண்டி உள்ளே போய், பட்டுத் திரும்பி, மறுபடியும் அதையே தாண்டி வெளியே வரவேண்டும், இரண்டு தடவையும் வெட்டு. ஆகவே வெள்ளை ஒருநாளும் வெள்ளையாக இல்லை, சாம்பல். எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, கலர் 150 தான்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இதில் தனி உபத்திரவம். சின்ன எழுத்தில், மெல்லிய எழுத்துருவில், மெய்யெழுத்தின் புள்ளி அந்தச் சாம்பலுக்குள் போய்விடுகிறது, ன-வா ண-வா என்று கண்ணைச் சுருக்கவேண்டியிருக்கிறது. எழுத்தைத் தடிப்பாக்கி, திரையின் மேல் வெளிச்சம் போடும் முன்விளக்கையும் கூட்டினால் சரி, ஆனால் பற்றரி கெதியாக இறங்கும். பழைய கறுப்பு வெள்ளை ரீடரை அதே கதிரையில், அதே பல்ப் வெளிச்சத்தில் முன்விளக்கே போடாமல் வாசித்திருக்கிறேன்.

வெளியே கொண்டுபோனால் ஆளே மாறிவிடும். கல்லடிக் கடற்கரையில் காலை வெயில் பட்டதும் கலர் எழும்பி வடிவாகத் தெரிகிறது, போனில் அந்த வெயிலுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மகளுடைய விஞ்ஞானப் பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருந்து இறக்கிப் போட்டேன். இதயப் படத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிந்தது, அவளுக்கும் சந்தோசம். புவியியல் வரைபடத்தில்தான் மாட்டிக்கொண்டோம், வெளிர் பச்சையும் வெளிர் மஞ்சளும் ஒன்றுதான், அப்புறம் பக்கம் திருப்பினால் முந்தின படத்தின் நிழல் வேறு. காமிக்ஸுக்கும், கலர் கலராக அடிக்கோடு போடுவதற்கும் குறை சொல்லமாட்டேன்.

வடிகட்டி இல்லாமல் நிறத்துகள்களாலேயே கலர் காட்டும் கேலரி 3 என்றொரு வகையும் இருக்கிறது. 2024இல் வந்த ரிமார்க்கபிள் பேப்பர் புரோ என்ற கருவியின் திரை அதன் வழியில் வந்ததுதான். பக்கம் மாற நேரம் எடுக்கும், விலையும் நமக்கு எட்டாது.

வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்கள், அண்ணனோ மச்சானோ கடையில் நிற்கும்போது, முன்விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளை ரீடரையும் வைத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு காசைக் கொடுக்கலாம்.