மூன்று கட்டில், ஒரே பையில் போல்ட்: கொட்டகலையிலிருந்து பண்டாரவளைக்கு

எனக்கு இடமாற்றம் கிடைத்து, கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், இலங்கை மலைநாட்டுக்குள்ளேயே, கொட்டகலையிலிருந்து பண்டாரவளைக்கு வீடு மாறினோம். அலுமாரி, மேசை, சட்டி பானை எல்லாம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. கட்டில்களை நினைத்தால்தான் பயம். ஹட்டனில் விசாரித்தபோது நாலு லொறிக்காரர்களில் ஒருவர் மட்டும், "கழற்றி, ஏத்தி, அங்க வந்து பூட்டியும் தருவோம் டீச்சர்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரையே பிடித்தோம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லப்போகும் குறைகளில் பாதி எங்கள் வீட்டுப் பிழையும்தான்.

முதலில் பட்டா என்கிற சின்ன லொறி போதும் என்றுதான் நினைத்தேன், வாடகை குறைவு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டாவின் உள் அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு, எங்கள் பெரிய மெத்தையின் அகலமே 5 அடி. நிறுத்தி வைத்தால் வெளியே தலை நீட்டும், நனையும் என்றார். சரி என்று 10.5 அடி மூடிய லொறி பேசினோம். அவரோடு இரண்டு பையன்களும் சேர்த்து 28,000 ரூபாய். கழற்றிப் பூட்ட கட்டிலுக்கு 1,500 வீதம் தனியாக. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, 41 படி இறங்க வேண்டும். அதை போனில் நான் சொல்லவில்லை. வந்து பார்த்தவுடன் 3,000 கூட்டிக் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் மழை ஈரத்தில் அந்தப் படியில் மெத்தையைத் தலையில் வைத்து ஏறிய பையன்களைப் பார்த்தபிறகு வாயைத் திறக்கவில்லை.

மூன்று கட்டில்களில் மூத்தது அப்பாவுடையது. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், லயத்துக் காம்பராவுக்கு (தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறைக்கு) அளவெடுத்து, ஒரு தச்சு பாஸ் பலாமரத்தில் செய்துகொடுத்தது. காம்பராவே 10 அடிக்கு 12 அடி. அதனால் கட்டிலை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துப் பூட்டி உள்ளே கொண்டுபோக முடியாது, உள்ளேயே கழற்றிப் பூட்டும் மாதிரிதான் செய்ய வேண்டியிருந்தது என்று அப்பா சொல்வார். நாலு மூலையிலும் ஒரு சாண் நீள போல்ட். மூட்டுக்கு மூட்டு ஆணி முனையால் குத்திய புள்ளிகள்: முதல் மூலையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அப்படியே நாலு வரை. காலிலும் சட்டத்திலும் அதே எண்ணிக்கை. பையன்களில் மூத்தவன் சுத்தியலை ஓங்கினான். "பொறு தம்பி" என்று அப்பா தடுத்தார். முதல் நாள் சாயங்காலமே மண்ணெண்ணெயில் துணி நனைத்து நட்டுகளைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார் மனிதர். துருப்பிடித்த நட்டு ஸ்பெனருக்குச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. பத்தே நிமிடத்தில் முழுக் கட்டிலும் சுவரில் சாய்ந்து நின்றது.

இரும்புக் கட்டிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றினார்கள், கட்டினார்கள், முடிந்தது.

வில்லங்கம் மூன்றாவதில்தான். மூன்று வருடத்துக்கு முன் தவணைக்கு எடுத்த, பளபளப்பான தாள் ஒட்டிய பலகைக் கட்டில். இதில் வெளியே நட்டு தெரியாது. ஒவ்வொரு மூட்டிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். ஸ்குரூ டிரைவரால் அதை அரை வட்டம் திருப்பினால் உள்ளே இருக்கும் பிடி விட்டுவிடும். இது தெரியாமல் தலைமாட்டுப் பலகையைப் பிடித்து இருவரும் ஆட்டி ஆட்டி இழுத்தார்கள். 'சடக்' என்றது. ஒரு மூலையில் கைப்பிடி அளவு தூள் உதிர்ந்தது. இந்தப் பலகை மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்தது. ஒருமுறை பிய்ந்த ஓட்டையில் திருகாணி மறுபடி பிடிக்காது. பலாமரம் என்றால் பக்கத்தில் இன்னொரு துளை போட்டுக்கொள்ளலாம். இதில் அதற்கும் வழியில்லை. விளம்பரத்தில் 'கழற்றிப் பூட்டலாம்' என்று போட்டிருந்தது. எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை.

ஏற்றுவதில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல ஆளில்லை. பக்கச் சட்டங்களைக் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டி நீளவாக்கில் அடியில் போட்டார்கள். தலைமாட்டுப் பலகைகள் லொறிச் சுவரோடு நின்றன, உராயாமல் இருக்க இடையில் மெத்தைகள். அம்மாவின் பழைய தும்பு மெத்தையைத் தனியாகப் படங்கில் சுற்றினார்கள். தும்பு தண்ணீரைக் குடித்தால் இரண்டு ஆளுக்கும் தூக்க முடியாது, காயவும் நாளாகும் என்றார் லொறிக்கார அண்ணன். (அதற்குள் அவர் எங்களுக்கு அண்ணன் ஆகிவிட்டார், பிளேன்டீ மூன்றாவது சுற்று.) கடைசியாக ஸ்பிரிங் மெத்தையை மடக்கப் பார்த்த சின்னப் பையனுக்கு அவரிடம் நல்ல ஏச்சு கிடைத்தது.

தூறலில் கிளம்பினோம். செயின்ட் கிளயர் அருவிப் பக்கம் பனிமூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. தலவாக்கலை தாண்டியபிறகு, ரதல்ல குறுக்கு வழியில் போனால் நேரம் மிச்சம்தானே என்று என் கணவர் கேட்டார். பாரத்தோடு அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றார் அண்ணன். 2023 ஜனவரியில் அங்கே பஸ் மோதி 7 பேர் போனதை ஹட்டனில் யாரும் மறக்கவில்லை. மெயின் ரோட்டிலேயே வளைந்து வளைந்து நானுஓயா ஏறினோம். ஒரு வளைவில்கூட பின்னால் 'டொம்' என்று சத்தம் வரவில்லை. சீதாஎலிய கோயிலுக்கு எதிரே நிறுத்தி, ஓடிப்போய் விபூதி வைத்துக்கொண்டு வந்தார். ஹக்கலை தாண்டி இறங்க இறங்க மழை விட்டது, வெலிமடையில் வெயில். கொட்டகலை நனையும் மாதத்தில் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றடித்துக் காய்ந்து கிடக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒரே லொறிப் பயணத்தில் இரண்டையும் பார்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

பண்டாரவளையில் பூட்ட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, மூன்று கட்டிலின் போல்ட், நட்டு, திருகாணி எல்லாம் ஒரே சொப்பிங் பையில். கொட்டினால் சாப்பாட்டு மேசை நிறைந்தது. 6 மில்லி போல்ட் 8 மில்லி நட்டுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எது எதற்கு என்று பிரிக்கவே ஒன்றரை மணி நேரம். கட்டிலுக்கு ஒரு பை, அந்தப் பையை அந்தந்தத் தலைமாட்டிலேயே கட்டிவிடுவது என்று செய்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. கூலி வாங்கிச் செய்கிற வேலையில் இதைக்கூட நாங்களா சொல்ல வேண்டும்? அப்பாவின் கட்டில் மட்டும் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து இருட்டுவதற்குள் நின்றுவிட்டது. எங்கள் பெரிய பலகைக் கட்டில் நிற்கவில்லை. அன்றைக்கு நானும் கணவரும் தரையில் மெத்தை போட்டுப் படுத்தோம். உடைந்த மூலைக்கு மறுநாள் ஊர்த் தச்சர் ஒருவர் உள்ளே மரக்கட்டை வைத்து, வளைந்த இரும்புத் தகடு அடித்துக் கொடுத்தார், 1,800 ரூபாய். அண்ணனிடம் போனில் சொன்னேன். மறுக்காமல் கட்டில் கூலியில் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். மீதி 300 என் கணக்கில்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், லொறிக்கும் ஓட்டத்துக்கும் ஐந்து, கழற்றிப் பூட்டுவதற்கு இரண்டு. அடுத்த முறையும் இவரையே கூப்பிடுவேன், கட்டில் கூலி பேசமாட்டேன். பலகைக் கட்டில் இருக்கிறவர்கள் அதைக் கழற்ற ஒரு தச்சு பாஸை முதல் நாளே கூப்பிட்டுவிடுங்கள். படி எத்தனை என்பதை எண்ணிச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஈரத்தில் ஊறியிருந்த பலா, இந்தக் காற்றில் காய்ந்து சுருங்கி, பூட்டிய இரண்டாவது வாரமே கிறீச்சிட ஆரம்பித்தது. அப்பா ஸ்பெனரைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.